ராஜ வீதியில் கிளட்ச் இல்லாத கார்

பெருந்தேவி அம்மாளுக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். அது மட்டும் இல்லாதிருந்தால், அமெரிக்காவில் செய்த அந்த நீளக் கார் மாமல்லபுரம் ராஜ வீதிக்கு வந்திருக்கவே வந்திருக்காது. வந்த இடத்தில் மக்கர் பண்ணி, ஒரு கல்யாண வீட்டின் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கவும் செய்யாது.

தை மாதம் அவள் பெண் ருக்மிணியைப் பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் மாமா கோதண்டராமனும் ஒருவர். காஞ்சிபுரத்தில் வக்கீல். நீதிபதிக்கு எதிரில் எப்படிப் பேசுவாரோ தெரியாது, சொஜ்ஜி பஜ்ஜிக்கு எதிரில் நன்றாகப் பேசினார். ஜானவாசத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து, மேளதாளத்தோடு ஊர்வலமாக அழைத்து வர வேண்டும்.

"சமுத்திரக்கரை கிராமம். காருக்கு எங்கே போவேள்? ஒரு மாட்டு வண்டி போறும், பையன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு அவர் இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.

பெருந்தேவியின் கணவர் வெங்கடராகவன் திருக்கழுக்குன்றத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பகலெல்லாம் கத்திவிட்டு வருகிறவர் என்பதால் வீட்டில் வாயே திறக்க மாட்டார். அன்றும் திறக்கவில்லை. அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து பெருந்தேவிதான் பதில் சொன்னாள்.

"காஞ்சிபுரத்துக்காரா கண்ணாலேயே பார்க்காத காரிலே அழைச்சுண்டு வரோம்னு அவர்கிட்டே சொல்லுங்கோ."

சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் நான்கு மாதம் அவளுக்குத் தூக்கம் இல்லை. மதராஸில் ஒரு மர வியாபாரியிடம் மேனேஜராக இருந்த தம்பி சாரங்கபாணிக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். அந்த வியாபாரி, ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கி வைத்திருந்த திறந்த காரை, டிரைவர் ராமதாஸோடு மூன்று நாளைக்குக் கொடுத்தனுப்பினார்.

வைகாசி மாதம், ஜானவாசத்தன்று காலை ஒன்பது மணிக்கு அது பந்தலுக்கு முன்னால் வந்து நின்றது. இளநீர்க்காய்ப் பச்சை. முன்பக்கம் முழுக்க வெள்ளி மாதிரி பளபளப்பு. ராமதாஸ் கூடுவாஞ்சேரிப் பையன், முப்பது வயசு இருக்கும். கார் தன்னுடையது போலவே அவன் பேசினான். கிளட்சே கிடையாது என்றான். ஸ்டீயரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியை ஒரு தள்ளு தள்ளினால் போதும், கியரை அதுவே மாற்றிக்கொள்ளும் என்றான். ராஜ வீதி வாயைப் பிளந்தது. பெருந்தேவிக்குச் சம்பந்தி வீட்டார் தங்கியிருந்த ஜாகைப் பக்கம் ஒரு தடவை பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கடல் தாண்டி வந்த வண்டி. எத்தனை பேர் கண்ணோ. அவள் உள்ளே போய் ஒரு பெரிய கிண்ணத்தில் சந்தனம் கரைத்தாள். சீக்கிரம் கரையட்டும் என்று பன்னீரைத் தாராளமாக விட்டாள். எதெது திரும்புமோ, எதெது சுழலுமோ அதற்கெல்லாம் திருஷ்டி படும் என்பது அவள் கணக்கு. சக்கரத்துக்கு வைத்தாள், கதவுக்கு வைத்தாள். ஸ்டீயரிங் தண்டில் அந்தக் குச்சி புறப்படும் இடத்தில் ஒரு பொட்டு நிற்காமல் வழிந்துகொண்டே இருந்ததால், அது நிற்கும்வரை மேலும் மேலும் வைத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு வண்டியை நிழலுக்கு நகர்த்தலாம் என்று ராமதாஸ் சாவியைத் திருப்பினான். ஒரு முனகல்கூட இல்லை. விளக்கு எரிந்தது, ஹாரன் ஊரைக் கூட்டியது, என்ஜின் மட்டும் பேசவில்லை. செம்படவர்கள் எட்டுப் பேர் கட்டுமரம் தள்ளுகிற மாதிரி ஐலசா போட்டுக் கோயில் வரைக்கும் தள்ளினார்கள். கிளட்ச் இல்லாத வண்டியை ஆள் தள்ளிக் கிளப்ப முடியாது என்று ராமதாஸுக்கு அதன் பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பவும் பந்தலுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

பந்தலில் புது அம்மியை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்த கல்தச்சன் எல்லப்பன், சதுரங்கப்பட்டினத்தில் மோசஸ் என்று ஒருவர் இருக்கிறார், பம்புசெட்டோ பஸ்ஸோ எதுவானாலும் பிரித்து மாட்டிவிடுவார், சண்டைக் காலத்தில் ஆவடியில் ராணுவப் பட்டறையில் வேலை பார்த்தவர் என்று சொல்லி, யாருடைய சைக்கிளையோ எடுத்துக்கொண்டு வெயிலில் பறந்தான்.

ஊர்வலம் ஆறரை மணிக்கு. பெருந்தேவி அடுக்களைக்கும் வாசலுக்குமாக அலைந்தாள். உள்ளே தவசிப்பிள்ளை ஜாங்கிரி பிழிந்துகொண்டிருந்தார், பாகு பதம் பார்க்கக் கூப்பிட்டார். அவள் ஒரு சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டு, உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள். மூன்று மணிக்கு டிபனுக்கு வந்த கோதண்டராமன் காரைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தார்.

"வண்டி பிரமாதம். நிக்கறதுக்குன்னே பண்ணினாப்பல இருக்கு" என்றார்.

பெருந்தேவிக்குக் காது மடல் சுட்டது. மாட்டு வண்டிக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று சாரங்கபாணி மெதுவாகக் கேட்டதற்கு, அனுப்பினால் நான் கடலில் போய் உட்கார்ந்துகொள்வேன் என்றாள்.

மூன்றரை மணிக்கு மோசஸ் வந்தார். நாற்பத்தைந்து வயது, காக்கி அரைக்கால் சட்டை, சைக்கிள் ஹாண்டில்பாரில் கருவிப் பை. வீதி முனையில் அவர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்ததைப் பெருந்தேவி பார்த்தாள். பார்த்ததும் ஆள் யாரென்று அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவருடைய அப்பா இந்த வீதிக்காரர்களின் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். முனையிலேயே நின்று குரல் கொடுப்பார், உள்ளே வர மாட்டார். அதெல்லாம் போய் வருஷமாகிவிட்டது, சட்டமும் வந்துவிட்டது. ஆனாலும் மோசஸின் கால்கள் அந்த முனையில் தாமாகவே இறங்கிவிட்டன. அதைப் பார்க்க அவளுக்கு என்னவோ போலிருந்தது. வாப்பா மோசஸ் என்று வாசலுக்கே வந்து கூப்பிட்டாள்.

மோசஸ் காரைத் தொடவில்லை. முதலில் ராமதாஸைத்தான் பிடித்துக்கொண்டார்.

"எப்டி வெச்சா கெளம்பும் இது?"

"குச்சி நடுவுல இருக்கணும் அண்ணாத்த. ஓடற எடத்துல இருந்தா சாவி திருப்பினாலும் கெளம்பாது. அமெரிக்காக்காரன் அப்டி வெச்சிகிறான்."

"குச்சி நடுவுலதான் கீதுன்னு ஸ்டார்ட்டருக்கு யார் சொல்றது?"

"அத்த நா இன்னாத்த கண்டேன்?"

"எவனோ ஒருத்தன் நடுவுல குந்திகினு சொல்லிகினு கீறான். இன்னிக்கி அவன் வாயத் தொறக்கல. அவன் எங்க குந்திகினு கீறான்னு பாப்போம்."

ஓலைப் பாயை விரித்து மோசஸ் வண்டிக்கு அடியில் போனார். மணல் கொதித்தது. கால் மணி நேரம் அவருடைய பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கியர் பெட்டிக்குக் குச்சியிலிருந்து இரும்புக் கம்பிதான் வருகிறது, மின்சார ஒயர் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார். அப்படியானால் ஆசாமி மேலேதான் இருக்க வேண்டும். பானட்டைத் திறந்து, ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே பின்னால் போனார். அது தகரச் சுவரில் ஒரு ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தது. மோசஸும் நுழைந்தார். முன் சீட்டில் தலைகீழாகப் படுத்து, தலையை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

உள்ளே இருட்டாக இருக்கிறது, டார்ச் வேண்டும் என்று குரல் வந்தது. ராஜ வீதியில் டார்ச் வைத்திருந்தவர்கள் பேட்டரி வைத்திருக்கவில்லை. பெருந்தேவி உள்ளே ஓடி, பெண்ணுக்கு அலங்காரம் பண்ணுகிறவர்களிடமிருந்து கைக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். வெயிலில் நின்று கண்ணாடியைச் சாய்த்து, வெளிச்சத்தை ஸ்டீயரிங்குக்குக் கீழே அனுப்பினாள். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் அம்மா, இன்னும் கொஞ்சம் என்று மோசஸ் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆங். கீறான்மா."

ஸ்டீயரிங் தண்டின் அடிப்பக்கத்தில், தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. இரண்டு ஒயர், இரண்டு திருகாணி. அதிலிருந்து ஒரு சின்ன நாக்கு தண்டுக்குள் போயிற்று. குச்சி நகர்ந்தால் நாக்கும் நகரும். மோசஸ் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொடவைத்தபடி, சாவியைத் திருப்பு என்றார். ராமதாஸ் ஆசையோடு திருப்பினான். குச்சியை எங்கே வைத்திருந்தான் என்று அவன் பார்க்கவில்லை.

கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. பந்தலின் ஒரு பக்கத்து வாழைமரம் குலையோடு சாய்ந்தது. நாகஸ்வரக்காரர் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு திண்ணையில் ஏறினார். மோசஸின் இரண்டு கால்களும் ஆகாயத்தில் ஆட, கார் நாலு அடி போய், ராமதாஸ் பதறிச் சாவியை மூடியதும் நின்றது. நல்ல வேளை, ஒருவருக்கும் அடி இல்லை. கோதண்டராமனின் வேட்டியில் மட்டும் காப்பி கொட்டியிருந்தது.

ஓடுகிறதே, ஒயரை அப்படியே முறுக்கி விட்டுவிடலாமே என்று சாரங்கபாணி சந்தோஷப்பட்டார். மோசஸ் தலையாட்டவில்லை. இது பாயாமல் இருப்பதற்காகத்தான் அமெரிக்காக்காரன் அந்தப் பெட்டியை வைத்திருக்கிறான், ஊர்வலத்தில் வண்டியைச் சுற்றிக் குழந்தைகள் வருவார்கள், அதைச் சரிபண்ணி மாட்டாமல் கிளப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது பெருந்தேவிக்குப் பிடித்திருந்தது.

ஆனால் பெட்டியைக் கழற்ற வேண்டுமே. திருகாணியின் தலையில் ஒரு கோடு இருப்பதுதான் வழக்கம். இவற்றில் கூட்டல் குறி போட்டிருந்தது. மோசஸிடமிருந்த திருப்புளி ஒன்றும் அதில் உட்காரவில்லை. எல்லப்பன் எட்டிப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய உளியை எடுத்தான். சிலைக்குக் கண் திறக்கிற உளி. நாலு பட்டை வைத்துக் கூராக அடித்தது. அதை அவன் யாருக்கும் தர மாட்டான், பெண்டாட்டி முனியம்மாவைக்கூடத் தொட விட மாட்டான். "மொனை போச்சுன்னா எனக்குப் பத்து நாள் வேல போச்சு அண்ணாத்த, பாத்துக்க" என்று கொடுத்தான்.

முதல் திருகாணி தலை நசுங்கி வந்தது. இரண்டாவது தலையே இல்லாமல் வந்தது. உளி முனை போகவில்லை. எல்லப்பன் அதை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான்.

மோசஸ் பெட்டியோடு வெளியே வந்து மூடியை நெம்பினார். உள்ளே இரண்டு செப்புத் தகடுகள் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஏதோ இறுகிக்கிடந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். பக்கத்தில் மோர்ச் செம்போடு பெருந்தேவி நின்றிருந்தாள். அந்த வாசனை அவளுக்கும் வந்தது. காலையில் வழிந்துகொண்டே இருந்த பொட்டு எங்கே வழிந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மோர்ச் செம்பைத் திண்ணையில் வைத்தாள்.

மோசஸ் அவள் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் சந்தனம். என்னப்பா அடைச்சிருக்கு என்று கோதண்டராமன் அதட்டலாகக் கேட்டார்.

"தூசி பூந்துகிச்சு சாமி. கடக்கர மண்ணு இல்ல?" என்றார் மோசஸ்.

 பெருந்தேவி உள்ளங்கையை நீட்டினாள். மோசஸ் பெட்டியைப் படியில் வைக்கக் குனிந்தார். அவள் கையை எடுக்கவில்லை. "இங்கே குடு. செப்பு தேய்க்கறது என் வேலை" என்று அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

முப்பது வருஷமாகப் பெருமாள் பாத்திரம் தேய்த்த கை. புளியும் சாம்பலும் கொஞ்சமாக எடுத்து, துடைப்பக் குச்சி நுனியில் துணி சுற்றி, அந்தத் தகடுகளைத் தேய்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தங்கக்கூடாது என்று மோசஸ் வாசலிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார். ஜாங்கிரி அடுப்புக்குப் பக்கத்தில் தாம்பாளத்தில் வைத்துக் காயவிட்டு, விசிறிக்கொண்டே உட்கார்ந்தாள். தவசிப்பிள்ளை இது என்ன பட்சணம் என்று கேட்டதற்குக்கூட அவளுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அவள் வெளியே கொண்டுவந்தபோது தகடுகள் புதுக் காசு மாதிரி மின்னின.

மோசஸ் மறுபடியும் தலைகீழாகப் படுத்து ஒயரை மாட்டினார். நாக்கை அதன் ஓட்டையில் விட்டுப் பெட்டியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை குச்சி நடுவில் இருக்கிறதா என்று வீதியே எட்டிப் பார்த்த பிறகுதான் ராமதாஸ் சாவியைத் திருப்பினான். என்ஜின் பூனை மாதிரி முனகிக்கொண்டு கிளம்பியது. பெருந்தேவி தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு சங்கடம் மீதி இருந்தது. நசுங்கிய திருகாணி திரும்ப ஏறாது. வேறு திருகாணி செங்கல்பட்டிலேயே கிடைக்காது, கயிறு போட்டுக் கட்டவும் அங்கே பிடிப்பில்லை. நடை வேகத்தில் போனால் ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கும் என்பதால் ஆரத்திக்கு நிற்கிற ஒவ்வொரு வாசலிலும் என்ஜினை அணைக்க வேண்டும், ஒவ்வொரு தடவை கிளப்பவும் யாராவது பெட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மோசஸ் முன் சீட்டில் உட்கார்ந்து கூடவே வந்தாக வேண்டும்.

ஆறரை மணிக்குக் கோயில் வாசலில் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் வரிசையாக நின்றன. மாப்பிள்ளை ராஜகோபாலன் கோட்டும் மாலையுமாகப் பின் சீட்டில் ஏறிவிட்டான். கோதண்டராமன் முன் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

"முன் சீட்டு மாமா ஸ்தானம். இவன் கீழே உட்காந்து பிடிச்சுக்கட்டுமே. என் காலண்டை எடம் இருக்கே" என்றார்.

"அதுக்கின்னா சாமி, நா கீய குந்திக்கிறேன்" என்று மோசஸ் சட்டென்று குனிந்தார். வீதி முனையில் சைக்கிளைவிட்டு இறங்கிய அதே வேகம்.

பெருந்தேவிக்குப் பொறுக்கவில்லை. பெண் வீட்டுக்காரி சம்பந்தியை எதிர்த்துப் பேசக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். கல்யாணம் இன்னும் ஆகவில்லை என்பதும் தெரியும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இந்தக் காரை நிறுத்தினது நான்தான். சந்தனத்திலே பன்னீரைக் கொட்டி அது கழுத்திலே ஊத்தினேன். அதைக் கண்டுபிடிச்சவர் அவர். இத்தனை பேர் எதிர்க்க என்னைக் காட்டிக்குடுக்காம தூசின்னு சொன்னவரும் அவர்தான். அவர் சீட்டிலேதான் உட்காருவார். மாமா மாப்பிள்ளைக்குப் பக்கத்திலே உட்காரட்டும்."

நாகஸ்வரக்காரர்கூட ஊதுவதை நிறுத்திவிட்டார். கோதண்டராமன் உதவிக்கு வெங்கடராகவனைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அவ சொல்றது சரி" என்றார். அவ்வளவுதான், ஆனால் அந்த வீதிக்கு அவருடைய குரல் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மாப்பிள்ளை பின்னாலிருந்து, இங்கே வாங்கோ மாமா, மெத்தை நன்னா இருக்கு என்று நகர்ந்து இடம் விட்டான். கோதண்டராமன் ஏறினார். மோசஸ் சீட்டு நுனியில் உட்கார்ந்தார். கையைக் கீழே விட்டார், தலையை ஆட்டினார், ராமதாஸ் சாவியைத் திருப்பினான்.

கார் நகர்ந்தது. குழந்தைகள் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். நாகஸ்வரத்தில் மல்லாரி முழங்க, கடல்காற்றும் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது. முதல் வாசலில் நின்றார்கள், ஆரத்தி எடுத்தார்கள், கிளம்பினார்கள். இரண்டாவது வாசல், மூன்றாவது வாசல். ஒவ்வொரு தடவையும் மோசஸின் கை கீழே போகும், என்ஜின் பிடிக்கும், கூட்டம் ஹோவென்று கத்தும். நாலாவது வாசலுக்குள் மோசஸ் சீட்டு நுனியிலிருந்து நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டதைப் பின்னால் பெண்களோடு நடந்துவந்த பெருந்தேவி கவனித்தாள். வெளிச்சத்தில் இரண்டு பக்கத்து வீடுகளையும் அவர் நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இத்தனை வருஷமாக இந்த வீதியில் அவர் ஒரு வீட்டைக்கூட நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. மனசு நிறைந்து வழிந்தது. காஞ்சிபுரத்துக்குச் சொன்ன வாக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

பின் சீட்டில் கோதண்டராமன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது வாசலில் யாரோ அவரைத்தான் மாப்பிள்ளையின் அப்பா என்று நினைத்துப் பெரிய மாலையாகப் போட்டார்கள். ஏழாவது வாசலில் அவர் இரண்டு பக்கமும் கையாட்டிக்கொண்டிருந்தார்.

பந்தலுக்கு வந்து என்ஜின் அணைந்தது. பெருந்தேவி ஆரத்தித் தட்டோடு நின்றாள். மாப்பிள்ளை இறங்கினான். கோதண்டராமன் இறங்கவில்லை. மெத்தையைத் தடவிக்கொண்டே வானத்தைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முகூர்த்தத்துக்கு இன்னும் நாழி கிடக்கே. இன்னொரு சுத்து போயிட்டு வரலாமோ?"

"போலாம் சாமி. ஆனா என் கை மரத்துப்போச்சு. நீங்க முன்னால வந்து இத்தக் கொஞ்சம் புடிச்சிக்கினா போலாம்" என்றார் மோசஸ்.

கோதண்டராமன் ஒரு கணம் யோசித்தார். பிறகு ஜரிகை அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மாலையோடு முன்னால் வந்து, மோசஸுக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். குனிந்து தலையை ஸ்டீயரிங்குக்குக் கீழே விட்டார்.

"இங்கேயா?"

"இன்னும் கொஞ்சம் மேல சாமி. ஆங், அதான். வுட்றாதீங்க."

ராமதாஸ் குச்சியைப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினான். என்ஜின் பிடித்தது. கீழேயிருந்து, "கெளம்பிடுத்து, நான்தான் பிடிச்சேன்" என்று வக்கீலின் குரல் கேட்டது. பெருந்தேவி சிரித்த சிரிப்பில் ஆரத்தித் தண்ணீர் பாதி புடவையில் கொட்டிவிட்டது. மோசஸ் மரத்துப்போன கையைக் கதவின் மேல் நீட்டி வைத்துக்கொண்டார், கார் இரண்டாவது தடவையாகக் கோயில் பக்கம் திரும்பியது.